முதியோர் இல்லங்கள்: மாஸ்டர் முதல் மேனேஜர் வரை - இங்கிலாந்தின் கதை

ஒரு முதியோர் இல்லம் நல்லதா கெட்டதா என்று எதை வைத்துச் சொல்வது? கட்டடத்தை வைத்தா? சாப்பாட்டை வைத்தா? மாதாமாதம் வாங்கும் கட்டணத்தை வைத்தா?

இங்கிலாந்தின் வரலாறு இதற்கு ஒரு பதிலைத் தருகிறது. அங்கே கடந்த இருநூறு ஆண்டுகளில் சட்டம் பலமுறை மாறியது. பெயர்ப்பலகை மாறியது. பணம் கொடுக்கும் துறையும் மாறியது. ஆனால் உள்ளே வாழும் முதியவர் காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும், எப்போது குளிக்க வேண்டும், யாருடன் ஒரே அறையில் படுக்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் அதிகாரம் மட்டும் அவ்வளவு சுலபமாகக் கை மாறவில்லை. அந்த அதிகாரத்தின் கதைதான் இது.

தொடக்கம்: ஒர்க்ஹவுஸ்

இன்றைய முதியோர் இல்லத்தின் முன்னோடி, ஒர்க்ஹவுஸ் எனப்பட்ட ஏழைகள் விடுதி. 1834இல் வந்த ஏழைகள் சட்டத் திருத்தத்திற்குப் பிறகு இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் இவை ஏராளமாகக் கட்டப்பட்டன. இதன் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. விடுதிக்குள் கிடைக்கும் வாழ்க்கை, வெளியே கூலி வேலை செய்யும் பரம ஏழையின் வாழ்க்கையை விடவும் தாழ்வாக இருக்க வேண்டும். அப்போதுதான் உழைக்கத் தெம்புள்ளவன் உதவி கேட்டு வரமாட்டான், வரி கட்டுபவர்களின் பணம் மிச்சமாகும் என்று நினைத்தார்கள்.

தெம்புள்ளவன் வராமல் இருந்துவிடலாம். வேறு போக்கிடமே இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? வயதானவர்கள், நோயாளிகள், ஆதரவற்ற குழந்தைகள் ஆகியோர் வந்துதான் ஆக வேண்டும். சோம்பேறியை விரட்டுவதற்காகப் போட்ட விதிகள் கடைசியில் எழுபது வயதுக் கிழவரின் தலையில் விழுந்தன!

மணி அடித்தால் எழ வேண்டும், மணி அடித்தால் சாப்பிட வேண்டும். சொந்த உடையை வாங்கி வைத்துக்கொண்டு விடுதிச் சீருடையைக் கொடுத்தார்கள். உணவு அட்டவணைப்படி அவுன்ஸ் கணக்கில் நிறுத்துத் தரப்பட்டது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதி என்பதால், காலமெல்லாம் சேர்ந்து வாழ்ந்த கணவனும் மனைவியும் வாசலிலேயே பிரிக்கப்பட்டார்கள். 60 வயதைக் கடந்த தம்பதிகளைக் கட்டாயப்படுத்திப் பிரிக்கக் கூடாது என்று 1847இல் சட்டம் சொன்னது. ஆனால் தம்பதிகள் தங்குவதற்கான அறைகளைப் பல விடுதிகள் ஒதுக்கவே இல்லை. சட்டத்தில் இருந்த உரிமை கட்டடத்தில் இல்லாமல் போனது.

மாஸ்டரும் மேட்ரனும்

விடுதியின் தலைவர் மாஸ்டர். பெண்கள் பகுதியையும் வீட்டு நிர்வாகத்தையும் மேட்ரன் பார்த்துக்கொண்டார். பெரும்பாலும் இருவரும் கணவன் மனைவியாகவே இருப்பார்கள். விடுதிக்குள்ளேயே குடியிருப்பு, சம்பளம், சாப்பாடு எல்லாம் உண்டு. இவர்களை நியமித்த உள்ளூர்க் காப்பாளர் குழு கூடும் நாட்களில் மட்டும் வந்து கணக்குப் பார்த்துவிட்டுப் போகும். மற்ற நேரமெல்லாம் மாஸ்டர் வைத்ததுதான் சட்டம்.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஆண்டோவர் என்ற ஊர் காட்டியது. அங்கே மாஸ்டராக இருந்தவர் காலின் மெக்டூகல், வாட்டர்லூ போரில் கலந்துகொண்ட முன்னாள் ராணுவத்தினர். மேட்ரன் அவருடைய மனைவி. உரத்திற்காக எலும்புகளை இடித்துப் பொடியாக்குவது அங்கே ஆண்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. அட்டவணையில் இருந்த உணவு கூட முழுதாகக் கிடைக்காததால், பசி தாங்காமல் அந்த எலும்புகளில் ஒட்டியிருந்ததைச் சுரண்டித் தின்றார்கள் என்ற செய்தி 1845இல் வெளியாகி நாட்டையே உலுக்கியது. நாடாளுமன்ற விசாரணை நடந்தது. 1847இல் ஏழைகள் சட்ட ஆணையமே கலைக்கப்பட்டு வேறு வாரியம் அமைக்கப்பட்டது. மாஸ்டர் போனார். ஆனால் மாஸ்டர் என்ற பதவி அப்படியே இருந்தது.

ஐந்து ஷில்லிங் செய்த மாற்றம்

1890களில் கொஞ்சம் இளக்கம் வந்தது. முதியவர்களுக்குப் புகையிலையும், பாட்டிகள் தாங்களே தேநீர் போட்டுக்கொள்ளத் தேயிலையும் சர்க்கரையும் தர அனுமதி கிடைத்தது. கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் தனக்குப் பிடித்த நேரத்தில் தன் கையால் ஒரு கோப்பை தேநீர் போட்டுக் குடிப்பது அந்த வாழ்க்கையில் எவ்வளவு பெரிய சுதந்திரம் என்பது யோசித்தால் புரியும்.

ஒர்க்ஹவுஸ் என்ற சொல் எவ்வளவு அவமானமாக இருந்தது என்பதற்கும் ஒரு சான்று உண்டு. அங்கே பிறந்த குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழில் அந்தப் பெயரை எழுதாமல் ஒரு தெரு முகவரியை எழுதலாம் என்று 1904இல் ஏற்பாடு செய்யப்பட்டது.

பெரிய மாற்றம் வெளியிலிருந்து வந்தது. 1908இல் நிறைவேறிய ஓய்வூதியச் சட்டப்படி, 1909 ஜனவரி 1 முதல் 70 வயதைக் கடந்த வருமானம் குறைந்தவர்களுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை அஞ்சலகத்தில் கிடைத்தது. தனியாகக் குடும்பம் நடத்த அது போதாது. ஆனால் மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ இருப்பவர், தன் பங்குக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டுத் தலை நிமிர்ந்து உட்கார முடிந்தது.

1930இல் காப்பாளர் குழுக்கள் ஒழிக்கப்பட்டு விடுதிகள் உள்ளாட்சி மன்றங்களின் கைக்குப் போயின. பெயரும் பொது உதவி நிலையம் என்று ஆனது. சுவர் அதேதான், கட்டில் அதேதான்.

ஒரு டாக்டர் காட்டிய வழி

சட்டம் மாறும் வரை காத்திருக்காமல் ஒருவர் என்ன செய்ய முடியும் என்பதற்கு மார்ஜரி வாரன் உதாரணம். லண்டனின் வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் டாக்டராக இருந்தவர். பக்கத்தில் இருந்த பழைய ஒர்க்ஹவுஸின் நோயாளர் பகுதி 1935இல் அவர் பொறுப்புக்கு வந்தது. 714 படுக்கைகள். நோயாளிகளில் பலர் வருடக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடந்தார்கள். இவர்கள் இனித் தேற மாட்டார்கள் என்பதே பொதுவான எண்ணம்.

வாரன் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பரிசோதித்தார். யாருக்கு என்ன நோய், யாரால் நடக்க முடியும், யாருக்குப் பயிற்சி தேவை என்று பிரித்தார். சுவருக்கு நல்ல வண்ணம், வெளிச்சம், பிடித்து நடக்கக் கைப்பிடிகள் என்று இடத்தையும் மாற்றினார். படுத்தே கிடந்தவர்களில் பலர் எழுந்து நடந்தார்கள், சிலர் வீட்டுக்கே திரும்பினார்கள். படுக்கையில் கிடந்தது முதுமையால் மட்டும் அல்ல, எழுப்ப யாரும் முயலாததாலும்தான் என்பது தெரிந்தது. முதியோர் மருத்துவம் என்ற தனித்துறை பிரிட்டனில் உருவானதில் அவர் பங்கு மிகப் பெரியது.

1948: ஹோட்டல் கனவு

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த தொழிற்கட்சி அரசு, 1948இல் தேசிய உதவிச் சட்டத்தின் மூலம் பழைய ஏழைகள் சட்டத்திற்கு முற்றுப்புள்ளி வைத்தது. சுகாதார அமைச்சர் அன்யூரின் பெவன் முன்வைத்த யோசனை புதுமையானது. பெரிய விடுதிகள் வேண்டாம், 25 அல்லது 30 பேர் தங்கும் சிறிய இல்லங்கள் போதும். மாஸ்டர் - கைதி போன்ற உறவு போய், ஹோட்டல் மேனேஜர் - விருந்தினர் என்ற உறவு வர வேண்டும்.

இதற்குப் பொருளாதார அடிப்படையும் இருந்தது. அன்றைய ஓய்வூதியம் வாரம் 26 ஷில்லிங். அதில் 21 ஷில்லிங்கை முதியவர் இல்லத்திற்குக் கட்டணமாகக் கொடுப்பார், மீதி 5 ஷில்லிங் அவருடைய கைச்செலவுக்கு. தர்மம் வாங்குபவர் பணம் கொடுத்துத் தங்குபவராக மாறுகிறார்.

கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் ஒரு ஓட்டை உண்டு. ஹோட்டல் பிடிக்காவிட்டால் விருந்தினர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஹோட்டலுக்குப் போவார். இந்த முதியவர் எங்கே போவார்? வேறு இடத்திற்குப் போக முடியாதவர், பணம் கொடுத்தாலும் முழுமையான வாடிக்கையாளர் ஆகிவிட மாட்டார்.

டவுன்சென்ட் பார்த்த காட்சிகள்

பத்தாண்டுகள் கழித்து, 1958-59இல், பீட்டர் டவுன்சென்ட் என்ற இளம் சமூகவியலாளர் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 173 இல்லங்களை நேரில் பார்த்தார். தலைமைப் பொறுப்பில் இருந்தவர்களிடமும் முதியவர்களிடமும் பேசினார், புகைப்படங்கள் எடுத்தார். 1962இல் வெளியான அவருடைய 'தி லாஸ்ட் ரெஃப்யூஜ்' என்ற நூல் பெரும் அதிர்வை ஏற்படுத்தியது.

பழைய ஒர்க்ஹவுஸ் கட்டடங்கள் பல அப்படியே இயங்கிக்கொண்டிருந்தன. போருக்குப் பின் கட்டுமானப் பொருளுக்குத் தட்டுப்பாடு, இருக்கும் பொருளுக்கும் முதலில் குடும்ப வீடுகள்தான் முன்னுரிமை. நீண்ட கூடத்தில் வரிசையாகக் கட்டில்கள். பகலில் சுவரோரம் வரிசையாக நாற்காலிகள், அவற்றில் பேச்சில்லாமல் உட்கார்ந்திருக்கும் மனிதர்கள். சொந்தப் பொருள் என்று வைத்துக்கொள்ளப் பலருக்கு ஓர் அலமாரி கூட இல்லை.

ஆட்களும் மாறவில்லை. நேற்று மாஸ்டராக இருந்தவர் இன்று வார்டன் ஆனார், வேலை செய்யும் முறையைப் பழைய இடத்தில்தான் கற்றிருந்தார். ஊழியர்களின் ஷிப்ட்தான் கடிகாரம். பகல் ஷிப்ட் முடிவதற்குள் எல்லோரையும் படுக்க வைக்க வேண்டும் என்றால், வெளிச்சம் இருக்கும்போதே இரவாகிவிடும். இதில் கொடுமைக்காரர் என்று யாரும் இருக்க வேண்டியதில்லை. வேலை சுலபமாக முடிய வேண்டும் என்ற எண்ணம் ஒன்றே போதும். சிறிய இல்லங்களிலும் அன்பான மேட்ரன் முதியவர்களைக் குழந்தைகளைப் போல நடத்தி, எல்லா முடிவையும் தானே எடுப்பது உண்டு.

டவுன்சென்ட் கண்ட இன்னொரு உண்மை முக்கியமானது. அங்கே இருந்தவர்களில் பலர் தங்கள் வேலையைத் தாங்களே செய்துகொள்ளக் கூடியவர்கள். வீடு இல்லை, துணை இல்லை, பணம் இல்லை என்பதற்காகவே வந்தவர்கள். இவர்களுக்குத் தேவை வசதியான சிறு வீடும் வீடு தேடி வரும் உதவியும்தான், இல்லம் அல்ல என்று அவர் வாதிட்டார்.

சந்தை வந்தது

1980களில் அரசு உதவித்தொகை தனியார் இல்லங்களுக்கும் போகத் தொடங்கியதும் அவை வேகமாகப் பெருகின. 1984இல் இல்லங்களைப் பதிவு செய்யும் சட்டமும், முதியவரின் அந்தரங்கம், கண்ணியம், தேர்வு உரிமை ஆகியவற்றை வலியுறுத்தும் நடைமுறை விதித்தொகுப்பும் வந்தன. 2000இல் வந்த பராமரிப்புத் தரச் சட்டத்தின் கீழ் குறைந்தபட்சத் தர விதிகள் வகுக்கப்பட்டன. பதிவு பெற்ற மேனேஜர் ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பதும் நடைமுறையானது. தனி அறை வழக்கமானது.

ஆனால் தலைமை இன்னொரு பக்கம் நழுவியது. சதர்ன் கிராஸ் என்ற நிறுவனம் சுமார் 750 இல்லங்களில் ஏறத்தாழ 31,000 பேரைக் கவனித்து வந்தது. கட்டடங்களைச் சொந்தமாக வைத்திராமல், ஆண்டுதோறும் உயரும் வாடகைக்கு எடுத்து நடத்தும் முறை அது. உள்ளாட்சிகள் தரும் கட்டணம் வாடகைக்கு ஈடாக உயரவில்லை, படுக்கைகளும் முழுதாக நிரம்பவில்லை. 2011இல் நிறுவனம் சரிந்தது. இல்லங்கள் வேறு கைகளுக்கு மாறின. உள்ளே இருந்த முதியவர்களுக்குத் தங்கள் வீட்டின் கதி செய்தித்தாளைப் பார்த்துத்தான் தெரிய வேண்டியிருந்தது. ஒரு காலத்தில் மாஸ்டராவது அதே கட்டடத்தில் குடியிருந்தார்!

முடிவாக

இருநூறு ஆண்டுகளில் முன்னேற்றமே இல்லை என்று சொல்ல முடியாது. எலும்பைச் சுரண்டிய காலத்திற்கும் தனி அறை உள்ள காலத்திற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனால் அந்த முன்னேற்றம் பெரும்பாலும் அளக்கக்கூடிய விஷயங்களில்தான் வந்தது: சதுர அடி, படுக்கை எண்ணிக்கை, கட்டணம். அன்றாட முடிவுகளை யார் எடுக்கிறார்கள் என்பது எந்த வரவு செலவுக் கணக்கிலும் வருவதில்லை.

எனவே ஓர் இல்லத்தைப் பார்க்கப் போகிறவர் பளபளக்கும் தரையைப் பார்ப்பதோடு நிறுத்தக் கூடாது. அங்கே இருக்கும் ஒரு பாட்டியிடம், "காலையில் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்? யார் சொல்லி எழுந்தீர்கள்?" என்று கேட்க வேண்டும். அவர் சொல்லும் பதிலில் அந்த இல்லத்தின் தலைமை எப்படிப்பட்டது என்பது தெரிந்துவிடும்.