சிறுநீரில் இரத்தம்: எகிப்து சொல்லும் பாடம்



போன கிழமை பக்கத்து வீட்டு சாச்சா தன்னுடைய யூரின் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டினார். அதில் சிவப்பணுக்கள் கூடுதலாக இருந்தன. "நோவு ஒன்றும் இல்லையே சேர், இதைப் பெரிசா எடுக்கணுமா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன வரலாற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

எகிப்தின் நைல் நதிக்கரைக் கிராமங்களில் சிறுநீரில் இரத்தம் போவது அக்காலத்தில் சர்வசாதாரணமாக இருந்தது. பையன்களுக்கு அது வயதுக்கு வரும் அடையாளம் என்றுகூட நினைத்தார்கள். எல்லோருக்கும் இருந்ததால் அது நோயாகத் தெரியவில்லை. 1798இல் நெப்போலியனோடு வந்த பிரெஞ்சுச் சிப்பாய்களுக்கும் அதே நிலை வந்தது. காரணம் புரியவில்லை.

1851இல் கெய்ரோவின் கஸ்ர் அல்-ஐனி வைத்தியசாலையில், தியோடர் பில்ஹார்ஸ் என்ற ஜெர்மன் வைத்தியர் இறந்தவரின் உடலைப் பரிசோதித்தபோது இரத்தக் குழாய்க்குள் சிறு புழுக்களைக் கண்டார். அவை இடும் முள்முனை முட்டைகள் சலப்பையின் சுவரைக் கிழிப்பதால்தான் இரத்தம் வந்தது. 1910இல் ரஃபர் என்பவர், சுமார் 3000 ஆண்டுகள் பழைய மம்மிகளின் சிறுநீரகத்திலும் அதே முட்டைகளைக் கண்டுபிடித்தார். 1915இல் லீப்பர், வாய்க்காலில் வாழும் நத்தையிலிருந்து புழுக்குஞ்சுகள் தண்ணீருக்கு வந்து, அதில் இறங்குவோரின் தோலைத் துளைத்து நுழைகின்றன என்று காட்டினார். பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்டவர்களில் சிலருக்கு அது சலப்பைப் புற்றுநோய்வரை போனது.

நம் ஊர் நோயாளிகளுக்குக் காரணம் அந்தப் புழு அல்ல. சலக்கடுப்பு, சிறுநீரகக் கல், கடும் உடற்பயிற்சி, பெண்களுக்கு மாதவிடாய்க் கலப்பு என்று சாதாரண காரணங்களே அதிகம். ஆனால் சிவப்பணுக்களோடு புரதமும் சேர்ந்து போனால் சிறுநீரக வடிகட்டியில் அழற்சி இருக்கலாம். வயதானவர்களுக்கும் சிகரெட் குடிப்பவர்களுக்கும், நோவே இல்லாமல் வரும் இரத்தம் புற்றுநோயின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம்.

ஆகவே ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், மடித்து அலுமாரியில் வைக்கவும் வேண்டாம். டொக்டரிடம் காட்டுங்கள். அவர் திரும்பப் பரிசோதிக்கச் சொன்னால் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியும்படி இரத்தம் ஒரே ஒரு தடவை போனாலும் தாமதிக்காதீர்கள்.

நோவில்லை என்பதற்காக நோயில்லை என்று ஆகிவிடாது. எகிப்து மக்கள் அதைத் தெரிந்துகொள்ள மூவாயிரம் ஆண்டுகள் ஆயின. நமக்கு ஒரு ரிப்போர்ட் போதும்.

சாச்சா திங்கட்கிழமை கிளினிக் போகிறார். துஆ செய்யுங்கள்.