தொழிற்சாலை ஆய்வாளரும் சிறு பட்டறையும்

சில ஆண்டுகளுக்கு முன், தில்லியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நம் ஊர்ப்பக்கத்து இளைஞர் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். இந்தியில் எழுதப்பட்ட ஒரு காகிதத்தின் நகலைப் படித்துப் பொருள் சொல்லவேண்டும் என்றார். மொழிபெயர்ப்பே என் தொழிலாகையால் இத்தகைய வேண்டுகோள்கள் எனக்குப் புதியவை அல்ல. தகடு வெட்டும் பிரஸ் இயந்திரத்தில் அவருடைய வலக்கை விரல்கள் இரண்டு போயிருந்தன. விபத்து தம் கவனக்குறைவாலேயே நேர்ந்ததென்று அவர் ஒப்புக்கொள்வதாகக் காகிதம் கூறிற்று. கீழே அவருடைய கையெழுத்து முன்னமே இருந்தது.

"தொழிற்சாலை ஆய்வாளர் யாரும் வந்து பார்ப்பதில்லையா?" என்று கேட்டேன்.

"பக்கத்துக் கட்டடத்துக்கு வந்தார் ஐயா. எங்கள் பட்டறைக்கு வரவில்லை. நாங்கள் எட்டுப் பேர்தானே!" என்றார்.

அந்த எட்டு என்ற எண்ணுக்குப் பின்னே நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

ஆலைகளைப் பார்வையிடும் ஏற்பாடு முதலில் பிரிட்டனில் தோன்றியது. 1802ஆம் ஆண்டுச் சட்டம் அப்பொறுப்பை உள்ளூர்ப் பெரியவர்களிடமே ஒப்படைத்தது. ஆலை முதலாளிக்கு அண்டை வீட்டாராகவும் நண்பராகவும் இருந்தவர்கள் அவருடைய ஆலையில் குற்றம் காண்பது அரிதாயிற்று. ஆகவே 1833இல் இயற்றிய சட்டத்தின்படி, அரசாங்கத்துக்கே பொறுப்பான நான்கு ஆய்வாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். சட்டம் எழுதினால் மட்டும் போதாது, அதைக் கண்காணிக்க உள்ளூர்ச் சார்பற்ற ஒருவர் வாயிலில் வந்து நிற்கவேண்டும் என்ற பாடம் அப்போது கிடைத்தது.

நம் நாட்டில் பருத்தி ஆலைத் தொழில் 1850களில் பம்பாயில் வேரூன்றியது. 1881இல் முதல் தொழிற்சாலைச் சட்டம் பிறந்தது. இந்திய ஆலைகளின் போட்டியைக் கண்டு கலங்கிய லங்காஷயர் முதலாளிகளின் வற்புறுத்தலும் அதன் பிறப்புக்கு ஒரு காரணம் என்பது மறைக்க முடியாத உண்மை. ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வேலைக்கு வைக்கலாகாது, ஆபத்தான இயந்திரப் பகுதிகளுக்கு வேலியிடவேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. ஆனால் யந்திர சக்தி கொண்டு, 100 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களை மட்டுமே அது கட்டுப்படுத்தியது. 99 பேர் வேலை செய்த ஆலையில் ஏழு வயதுக் குழந்தையைக் காக்கச் சட்டம் இல்லை!

1884இல் நாராயண் மேகாஜி லோகாண்டே பம்பாய்த் தொழிலாளரைக் கூட்டி ஒரு விண்ணப்பம் தயாரித்தார். வாரத்தில் ஒருநாள் ஓய்வு, நண்பகலில் அரைமணி இடைவேளை ஆகியவற்றோடு, வேலையில் காயமுற்றவர் குணமடையும் வரை ஊதியம் பெறவேண்டும் என்ற கோரிக்கையும் அதில் இடம்பெற்றது. காயம் தொழிலாளியின் தலைவிதி அன்று என்ற எண்ணம் அன்றே அவர்களிடம் தெளிவாக இருந்தது.

பிறகு எண் படிப்படியாக இறங்கிற்று. 1891இல் 100 என்பது 50 ஆயிற்று. 1922இல் 20 ஆயிற்று. 1931இல் அறிக்கை தந்த விட்லி கமிஷன், பீடி, அப்பிரகம், அரக்கு, தோல் முதலிய தொழில்களின் சிறு பட்டறைகளில் இளம் பிள்ளைகள் படும் துன்பத்தை எடுத்துக் காட்டிற்று. சுதந்திரம் பெற்றபின் இயற்றிய 1948ஆம் ஆண்டுச் சட்டம், யந்திர சக்தி உள்ள இடத்தில் 10 பேர், இல்லாத இடத்தில் 20 பேர் என்று வரையறுத்தது. குடும்பத்தார் மட்டுமே பாடுபடும் இடம் நீங்கலாக, இன்னும் சிறிய பட்டறைகளையும் சட்டத்துக்குள் கொண்டுவர மாநில அரசுகளுக்கு அதன் 85ஆம் பிரிவு அதிகாரம் அளித்தது. எனினும் அவ்வாறு அறிவிக்கப்படாத பட்டறையில் எட்டுப் பேர் எட்டுப் பேராகவே நின்றார்கள். பதினைந்து பேர் உழைக்கும் இடத்தில் ஒன்பது பெயர்களை மட்டும் பதிவேட்டில் எழுதும் தந்திரத்துக்கும் இந்த எல்லைக்கோடு இடம் தந்தது.

2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 'தொழிற்சாலை' என்ற பெயருக்குரிய எண்ணிக்கையை 20, 40 என்று மீண்டும் உயர்த்தியது. பத்துப் பேர் உள்ள இடங்களுக்கும் பொதுவான சில கடமைகளை அது விதிக்கிறதாயினும், முன்பு படிப்படியாக இறங்கி வந்த எண் இவ்வாறு மேலே ஏறியது.

வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இவ்வரலாற்றில் தனியாகக் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1948ஆம் ஆண்டுச் சட்டம், எச்சரிக்கை அறிவிப்புகளை ஆங்கிலத்திலும், அத்தொழிற்சாலையின் பெரும்பான்மைத் தொழிலாளர் அறிந்த மொழியிலும் எழுதி, முக்கிய வாயிலருகே வைக்கவேண்டும் என்றது. நல்ல விதிதான். ஆனால் பெரும்பான்மையோர் இந்தியோ மராத்தியோ பேசும் இடத்தில் நம்மவர் இருவர் மூவர் இருந்தால், அப்பலகை அவர்களுக்கு ஊமைப் பலகையே. தாராவியின் தோல் பட்டறைகளில் தலைமுறைகளாக உழைத்த தமிழர்கள் இதை நன்கறிவார்கள்.

ஆகவே ஒன்று செய்யலாம். புதிதாக வேலைக்கு வந்த நம்மவருக்கு, முன்னே வந்தவர் வாயிற்பலகையைப் படித்துச் சொல்லவேண்டும். பிரஸ் இயந்திரத்தின் காப்புத் தடுப்பைக் கழற்றிவைத்தால் வேலை விரையும் என்று மேஸ்திரி சொல்லும்போது, அது யாருடைய விரலை விலையாகக் கேட்கிறது என்பதை விளக்கவேண்டும். படிக்கத் தெரியாத காகிதத்தில் கையெழுத்திடலாகாது என்பதை வந்த முதல் நாளே சொல்லவேண்டும். புகார் செய்தவர் யார் என்பதை ஆய்வாளர் வெளியிடலாகாது என்று 1947இல் உருவாகி, 1949இல் இந்தியா ஏற்றுக்கொண்ட சர்வதேசத் தொழிலாளர் உடன்படிக்கை கூறுகிறது. இதையும் அஞ்சுவோருக்கு எடுத்துரைப்பது நன்று.

அன்று மாலை நான் காகிதம் முழுவதையும் அந்த இளைஞருக்குத் தமிழில் சொன்னேன். அவர் சற்றுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "இதைக் கையெழுத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால்!" என்றார். ஆய்வாளர் நுழையாத பட்டறைகள் நாட்டில் பல உள்ளன. அவற்றில் ஒருவருக்கொருவர் முன்கூட்டிச் சொல்வதே இப்போதைக்கு நம் கையில் இருக்கும் காவல்.