நெசவாளரின் காலும் சிறுவனின் கையும்

கைகள் இரண்டும் வேலையில் ஆழ்ந்திருக்கும்போது மூன்றாவதாக ஒரு பணி வந்து நின்றால், அதை யார் ஏற்பது? கால்தான் ஏற்க வேண்டும். மேடையில் கித்தார் வாசிப்போர் இதை நன்கு அறிவர். அக்கருவியின் ஒலியைக் கரகரப்பாக மாற்றும் சிறு பெட்டியொன்று 1962-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. நரம்பை விட்டுக் கையை எடுக்க இயலாதாகையால், அதன் விசையைக் காலால் அமுக்கும்படி அமைத்தார்கள். இத்தகைய பெட்டிகளில் முதலில் பழுதாவது பெரும்பாலும் அந்த விசையே. நுண்ணிய உறுப்புகளெல்லாம் உள்ளே பத்திரமாக இருக்க, காலின் பாரம் முழுவதும் விழுவது அதன்மேல் அல்லவா? அதைக் கழற்றி எறிந்து வேறொன்று பொருத்துவது அக்கலைஞர்களுக்கு வழக்கமான தொல்லை.

காஞ்சிபுரத்து நெசவாளர் இதைக் கேட்டால் புன்னகை புரிவார். அவர் காலடியிலும் இதே தொல்லை தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. அந்தக் காலடிக் கருவி எவ்வாறு மாறியது, அம்மாற்றத்தால் யாருக்கு விடுதலை கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவு வீட்டினுள் நீங்கள் நுழைந்தால், நெசவாளர் தரைமட்டத்தில் அமர்ந்திருப்பதையும், அவர் கால்கள் ஒரு குழிக்குள் மறைந்திருப்பதையும் காண்பீர்கள். குழித்தறி என்னும் பெயர் அதனால் வந்தது. குழிக்குள்ளே மிதிகள் உள்ளன. மிதிகளைக் கயிறுகள் விழுதுகளோடு பிணைக்கின்றன. விழுதின் கண்ணிகள் வழியே பாவின் இழைகள் செல்கின்றன. ஒரு மிதியை அழுத்தினால் இழைகளில் ஒரு பாதி மேலெழும், மறுபாதி கீழிறங்கும், இடையே திறக்கும் வாயில் நாடா ஓடி ஊடை இழையை விட்டுச் செல்லும். மறு மிதியை அழுத்தினால் முறை மாறும். வெற்றுத்துணி நெய்ய இவ்வளவே போதும். கயிறு நாளடைவில் தளர்ந்துவிட்டால் வாய் சரியாகத் திறவாது. நாடா இழைகளில் இடித்து அவற்றை அறுக்கும். நெசவாளர் குழிக்குள் குனிந்து கயிற்றை இழுத்து முடிந்துகொள்வார். பழுது அவர் கண்முன்னே இருந்தது. அதற்கு மருந்தும் அவர் கையிலேயே இருந்தது.

ஆனால் காஞ்சிப் பட்டு வெற்றுத்துணியன்று. கரையிலும் முந்தானையிலும் அன்னமும் யாளியும் உருத்திராட்சமும் ஜரிகையில் ஓட வேண்டும். அன்னத்தின் கழுத்து வளைய வேண்டுமானால், ஒவ்வோர் ஊடைக்கும் வெவ்வேறு இழைகள் எழ வேண்டும். இரண்டு மிதிகளால் அத்தனை செய்திகளையும் சொல்லிவிட இயலுமா? இதற்காக நம் முன்னோர் கண்ட உபாயமே ‘அடை’ என்பது. எந்த ஊடைக்கு எந்த இழைகள் எழ வேண்டுமோ, அவற்றையெல்லாம் தனித்தனிக் கயிற்றுக் கண்ணிகளாகக் கட்டிவைப்பார்கள். அன்னத்தின் உருவம் முழுவதும் முடிச்சுகளாகத் தறியின்மேல் தொங்கும். எழுத்தறியாதாரும் கட்டக்கூடிய ஒரு நூல் அது. படிப்பதற்கு விரல்கள் போதும். ஆனால் நெசவாளரின் விரல்கள் நாடாவில் இருக்கின்றன. ஆகவே பக்கத்தில் ஒருவர் அமர்ந்து, முறை தவறாமல் கண்ணிகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கொடுக்க வேண்டும். அந்த ஒருவர் பல வேளைகளில் ஒரு சிறுவனாக இருந்தார்.

இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. பிரான்சு நாட்டில் லியோன் என்னும் பட்டு நகரத்திலும் தறிக்குப் பக்கத்தில் கயிறு இழுக்கும் பிள்ளைகள் இருந்தனர். அவர்கள் வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்கும் முயற்சி அங்கே வெகு முன்பே தொடங்கிவிட்டது. 1725-இல் பசீல் பூஷோன் என்பவர் துளையிட்ட காகிதச் சுருளைப் பயன்படுத்தினார். 1728-இல் ஃபால்கோன் என்பவர் காகிதத்தை நீக்கி, கோத்த அட்டைகளைக் கொண்டுவந்தார். 1745-இல் வோக்கான்சோன் இன்னொரு வகை செய்தார். இவர்கள் உழைப்பையெல்லாம் சேர்த்து, ஒரே மிதிக்குள் அடக்கி வெற்றி கண்டவர் ஜோசப் மரி ஜக்கார். ஆண்டு 1804.

அவர் அமைத்த பெட்டி தறிக்கு மேலே அமர்ந்திருக்கிறது. அதனுள் கொக்கிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு கொக்கிக்கும் ஓர் ஊசி உண்டு. ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. அட்டையில் துளை உள்ள இடத்தில் ஊசி நுழைந்துகொள்ளும். அதன் கொக்கி தன் நிலையிலேயே நிற்கும். துளை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைப் பின்னுக்குத் தள்ளும், கொக்கி விலகிவிடும். நெசவாளர் மிதியை அழுத்தியதும் உள்ளே உள்ள தூக்குச்சட்டம் எழுந்து, நின்ற கொக்கிகளை மட்டும் இழைகளோடு மேலே தூக்குகிறது. காலை எடுத்ததும் அடுத்த அட்டை வந்து நிற்கிறது. துளை என்றால் ‘ஆம்’. துளை இல்லையேல் ‘இல்லை’. 240 கொக்கிகள் உள்ள பெட்டியில் ஒரு மிதிக்கு 240 விடைகள் கிடைக்கின்றன. இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் 1830-களில் தாம் திட்டமிட்ட கணக்கிடும் பொறிக்கு இவ்வட்டைகளையே கருவியாகக் கொண்டார். அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கும் துளையிட்ட அட்டைகளாலேயே எண்ணப்பட்டது. கணிப்பொறி பயிலும் மாணவர்கள் ஒருமுறையாவது ஒரு தறியின் அருகே சென்று நின்று பார்த்தல் நலம்.

இருபதாம் நூற்றாண்டில் இப்பெட்டி காஞ்சித் தறிகளின்மேல் ஏறியது. அடை ஏறக்குறைய மறைந்தே போயிற்று. கண்ணியை மாற்றி இழுக்கும் பிழை ஒழிந்தது. அதற்குப் பதிலாக வேறு பிழைகள் வந்தன. அட்டையின் துளை தேய்ந்து விரிந்தால், அல்லது ஊசி ஒன்று வளைந்தால், எழக்கூடாத இழை எழும். அன்னத்தின் அலகு ஒவ்வோர் அன்னத்திலும் ஒரே இடத்தில் கோணும். மிதியும் முன்போல் இலேசானதன்று. இழைகளையும், அவற்றைக் கீழே இழுத்துப் பிடிக்கும் எடைகளையும் ஒரே கால் தூக்கியாக வேண்டும். நாளெல்லாம் மிதித்தவரின் முழங்காலும் இடுப்பும் அதற்கு விலை கொடுத்தன.

கயிறு இழுத்த சிறுவன் என்ன ஆனான்? பள்ளிக்குப் போனான் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். உண்மை அதுவன்று. காஞ்சிப் பட்டின் சிறப்பு கோர்வை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம், இரண்டும் நெய்யும்போதே ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். நாடா ஒருமுனையிலிருந்து மறுமுனைக்கு ஓடிவிடாமல், கரையின் எல்லையில் நின்று திரும்ப வேண்டும். 1733-இல் இங்கிலாந்தின் ஜான் கே கண்ட, கயிற்றைச் சுண்டி நாடாவை எறியும் முறை இதற்கு அவ்வளவாக உதவவில்லை. மறுபக்கத்துக் கரையில் நாடாவை வாங்கிக் கொடுக்க ஒரு துணையாள் இருந்தே தீர வேண்டும். சிறுவன் கயிற்றை விட்டு நாடாவைப் பிடித்தான். இடம் ஏறத்தாழ அதேதான்.

அவனை அங்கே கட்டிவைத்தது முன்பணம். பெற்றோர் வாங்கிய கடனுக்குப் பிள்ளையின் உழைப்பு ஈடாயிற்று. இதனைத் தடுக்க 1933-இலேயே சட்டம் வந்தது. சிறாரின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்றது. 1976-இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. 1986-இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம், சிறாரை அமர்த்தக்கூடாத தொழில்களின் பட்டியலில் நெசவையும் சேர்த்தது. ஆனால் வீட்டார் துணையோடு நடத்தும் தொழிலுக்கு அதே சட்டம் விலக்கும் அளித்தது. காஞ்சியில் தறி இருப்பது எங்கே? பெரும்பாலும் வீட்டில்தானே! கதவைப் பூட்டிவிட்டுச் சன்னலைத் திறந்துவைத்தது போன்ற சட்டம் அது என்பது என் கருத்து. 2003-இல் வெளிவந்த ஒரு பன்னாட்டு மனித உரிமை அமைப்பின் அறிக்கையிலும் காஞ்சிபுரத்துத் தறிகளில் அமர்ந்த கொத்தடிமைச் சிறார் இடம்பெற்றிருந்தனர். கட்டாயக் கல்விச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2016-இல் திருத்தப்பெற்ற சட்டம் 14 வயதுக்குட்பட்டோரை எல்லாத் தொழில்களிலும் விலக்கியது. ஆயினும் பள்ளி நேரத்துக்குப் பின் குடும்பத் தொழிலில் உதவுவதை அனுமதித்தது.

அதே 2016-இல் நடுவண் அரசு கைத்தறிக் கருவிகளுக்கு 90 சதவீதம் பணம் தரும் திட்டமொன்றைத் தொடங்கியது. மிதியின் பாரத்தைக் காற்றழுத்தத்தால் தூக்கும் அமைப்பும் அத்தகைய கருவிகளுள் ஒன்று. அது பொருத்திய தறியில் நெசவாளர் தம் காலால் ஒரு சிறு விசையைத் தொட்டால் போதும். முழங்காலுக்கு ஆறுதல், ஐயமில்லை. ஆனால் கயிறு அறுந்தபோது குனிந்து முடிந்துகொண்டவர், விசை கெட்டால் அதைப் பிரிக்கத் தெரிந்தவர் வரும்வரை தறியை நிறுத்திவைக்க வேண்டும். தறி நின்ற நாளுக்குக் கூலி இல்லை.

மூன்றாவது நாடாவுக்கு உரிய இடம் இன்னும் இருக்கிறது. இன்று பல வீடுகளில் அவ்விடத்தில் அமர்பவர் நெசவாளரின் மனைவி. கூலி சேலைக்குத்தான், உழைப்பவர் இருவராயினும் கணக்கில் எழுதுவது ஒரு சேலையே.