கெட்ட குறிப்பை எப்படி நம்புவது?

நூலகத்தில் புத்தகங்கள் அப்படியே இருக்க, அட்டைப் பட்டியல் மட்டும் கலைந்துவிட்டால் என்ன ஆகும்? கணிப்பொறியின் காந்தத் தட்டிலும் இந்நிலை ஏற்படுவதுண்டு. எழுதும்போது மின்சாரம் நின்றால், எந்தக் கோப்பு எந்தக் கட்டங்களில் உள்ளது என்னும் குறிப்புகள் ஒன்றுக்கொன்று முரண்படும்.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த யூனிக்ஸ் அமைப்பில், 1970களில் ஐசெக், டிசெக் என்னும் நிரல்கள் இக்குறைகளைக் காட்டின. திருத்துவது பெரும்பாலும் மனிதர் பொறுப்பு. கோவால்ஸ்கி எழுதிய எஃப்எஸ்செக் நிரல் இரண்டையும் ஒன்றாக்கியது.

ஆனால் திருத்தும் நிரலும் அதே கெட்ட குறிப்புகளைத்தானே படிக்க வேண்டும்? 5,000 கட்டங்களே உள்ள தட்டில் ஒரு குறிப்பு 70,000ஆம் கட்டத்தைச் சுட்டுவதாகக் கொள்வோம். அதை நம்பி நினைவகப் பட்டியலில் குறியிட்டால் நிரலே குலையும். ஆகவே ஒவ்வோர் எண்ணும் எல்லைக்குள் உள்ளதா என்று எஃப்எஸ்செக் முதலில் பார்த்தது.

பெயரிழந்த கோப்புகளை வைக்க, 'லாஸ்ட்+ஃபவுண்ட்' என்னும் அடைவு காலி இடங்களுடன் முன்கூட்டியே இருக்க வேண்டும் என்றும் விதித்தது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. காலிக் கட்டங்களின் பட்டியலே சந்தேகத்துக்குரியதாய் இருக்கையில், அதிலிருந்து புதுக் கட்டம் எடுத்தால் அது வேறொரு நல்ல கோப்பின் கட்டமாக இருக்கலாமல்லவா?

சரி, தட்டின் அளவைச் சொல்லும் தலைமைக் குறிப்பே கெட்டால்? எல்லை எது என்பதே தெரியாது. 1983இல் வெளிவந்த 4.2 பிஎஸ்டி அமைப்பில், பெர்க்லியின் மெக்குசிக் குழுவினர் அதன் நகல்களைத் தட்டின் பல பகுதிகளில் வைத்தனர். அதுவும் ஒரே தகட்டில் எல்லாம் சேராதபடி, சற்றுச் சற்று விலக்கி.