தெரிந்த கதையின் பலம்: மட்டக்களப்புக் களரியும் தமிழ்த் திரையும்

2008இல் வெளிவந்த 'சுப்ரமணியபுரம்' 1980களின் மதுரையைக் காட்ட ஒரு திரையரங்கைத் துணைக்கு அழைக்கிறது. அங்கே ரஜினிகாந்தின் 'முரட்டுக்காளை' ஓடுகிறது. அந்தப் படத்தை அறிந்தவருக்குக் காலமும் ஊரும் இளவட்டங்களின் துடிப்பும் ஒரே காட்சியில் விளங்கிவிடும். 1964இன் 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் பாலையாவுக்குப் பேய்ப்படக் கதை சொல்லும் இடமும், பேய்ப்படம் எப்படி மிரட்டும் என்று முன்பே தெரிந்தவர்களை நம்பித்தான் சிரிப்பை எழுப்புகிறது. இப்படி ஒரு படைப்பு இன்னொன்றைத் தன் கதைக்குள் இழுத்துக்கொள்வதை நவீன உத்தி என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. இலங்கையின் மட்டக்களப்பு வாவிக் கரையின் கலை வரலாறு அதை மறுக்கிறது. அங்கே இது சினிமாவுக்கு முற்பட்ட ஊர் வழக்கம். பார்ப்பவருக்கு முன்பே தெரிந்திருப்பதை நம்பி நிற்பதுதான் அதன் உயிர் என்பதையும் அந்த வரலாறே காட்டுகிறது.

வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. இரு கரைகளிலும் வேரூன்றிய கூத்தில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு மரபுகள் உண்டு. வடமோடி பெரும்பாலும் பாரத, இராமாயணப் போர்க்கதைகளை எடுத்துக்கொள்ளும். 'அலங்காரரூபன்' போன்ற காதல் கதைகள் தென்மோடிக்கு உரியவை. 'கர்ணன் போர்' ஆடும் இரவை எடுத்துக்கொள்வோம். வரவை அறிவிக்கும் கட்டியகாரன் வந்து போன பின், கரப்புடுப்பு என்ற விரிந்த ஆடையும் முடியும் அணிந்த கர்ணன் மத்தளத்துக்கு ஆடியபடி, ஆடுகளமான வட்டக் களரிக்குள் வருகிறான். தன் பெருமையைத் தானே பாடுகிறான். அவன் குந்தியின் மகன் என்பது களரியைச் சுற்றி இருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். கதையில் நெடுங்காலம் அது அவனுக்குத்தான் தெரியாது. வரவு ஆட்டத்தின் மிடுக்கைச் சோகமாக மாற்றுவது இந்த இடைவெளிதான். கூத்துப் பாட்டில் அதற்கு ஒரு வரியும் தேவைப்படுவதில்லை. ஊரார் வேறிடத்தில் கேட்டறிந்த பாரதம் அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

கொம்புமுறியில் இந்த வழக்கம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. கண்ணகி வழிபாட்டோடு சேர்ந்த இந்த விளையாட்டில் ஊரே இரண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். இரண்டு கொம்புகளைக் கொளுவிக் கயிறு கட்டி, ஒன்று முறியும்வரை இரு சேரியாரும் இழுப்பார்கள். கயிற்றைப் பிடித்திருப்பவர் வேடம் கட்டவில்லை, வசனம் பேசவில்லை. ஆனாலும் அவர் ஒரு காவியத்தின் ஒரு தரப்பாக நிற்கிறார். வைகாசிச் சடங்கில் கோயில்தோறும் அவள் கதையைப் பாடும் கண்ணகி வழக்குரை படிக்கப்படும் ஊர்களில் அந்தப் பிரிவினைக்கு விளக்கவுரை யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

புராணக் கதையைத் திரும்ப நடிப்பது வேறு, இன்னொரு படைப்பைச் சுட்டுவது வேறு என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பில் நியாயம் உண்டு. கதை ஒன்றாக இருப்பதால் மட்டும் அது சுட்டலாகிவிடாது. தெரிந்த கதைக்கு எதிராக அதே கதையை நிறுத்தும்போதுதான் வேறுபாடு புலப்படும். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டக்களப்புக் கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். 1956இல் எதிரிவீர சரச்சந்திர, நாடகம என்ற சிங்கள நாட்டார் நாடக மரபிலிருந்து 'மனமே'யை உருவாக்கிச் சிங்கள அரங்கில் ஏற்படுத்திய எழுச்சி அதற்கு ஒரு தூண்டுதலாக இருந்தது. அந்த நாடகமவின் வேரே தமிழ்க் கூத்தில்தான் இருக்கிறது. வித்தியானந்தன் தயாரித்தவற்றுள் 'இராவணேசன்' முக்கியமானது. மட்டக்களப்பைச் சேர்ந்த சி. மௌனகுரு அதை எழுதி, இராவணனாகவும் ஆடினார். விடியும்வரை ஆடும் கூத்து அங்கே குறுகிய நேரத்துக்குள் அடங்கியது. வதைபட வேண்டிய அரக்கன் தன்மானத்துக்காக அழிவை ஏற்கும் தலைவனாக நின்றான். வழக்கமான இராவணனை அறிந்த கண்ணுக்குத்தான் இந்த இராவணன் புதியவன். பழைய கதை நினைவில் இல்லாதவருக்கு அது இன்னொரு போர்க்கதை, அவ்வளவே.

இந்த அளவுகோலைத் திரையில் வைத்துப் பார்க்க, வாவிக் கரையின் அமிர்தகழியில் 1939இல் பிறந்த பாலு மகேந்திராவை விடப் பொருத்தமானவர் இல்லை. அவருடைய 'மூடுபனி' (1980) ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வை நினைவூட்டுகிறது. 'மறுபடியும்' (1993) மகேஷ் பட்டின் 'அர்த்'தை மறுஆக்கம் செய்தது. இரண்டையும் ரசிக்க மூலப்படம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆகவே இவற்றைத் தூண்டுதல் எனலாம், தழுவல் எனலாம். நான் பேசும் சுட்டல் இவற்றில் இல்லை. 'மூன்றாம் பிறை' (1982) வேறு வகை. ரயில் நிலையத்தில் சீனு, விஜியைச் சிரிக்கவைக்க முன்பு ஆடிக்காட்டிய குரங்கு வித்தையை மறுபடி ஆடுகிறான். நோய் குணமானதும் இடைப்பட்ட நாட்களை மறந்துவிட்ட அவளுக்கு அது நினைவில் இல்லை, நமக்கு இருக்கிறது. படம் தன்னையே சுட்டிக்கொள்ளும் அந்த இடத்தில், அறிந்தவர்கள் வெளியே அமர்ந்திருக்க அறியாதவர் கதைக்குள் நிற்கிறார். கர்ணனின் வரவில் கண்ட அதே அமைப்பு. கூத்திலிருந்துதான் பாலு மகேந்திரா இதைக் கற்றார் என்று நான் சொல்லவில்லை. ஒரே தேவை இரு கலைகளிலும் ஒரே வழியைத் திறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் இது தெரிந்தவர்களுக்குள் நடக்கும் கண்சாடை, புதிதாக வருபவரை வெளியே நிறுத்துவது என்ற குற்றச்சாட்டு மிஞ்சுகிறது. சினிமாவைப் பொறுத்தவரை அதில் உண்மை இருக்கிறது: 'தமிழ்ப்படம்' (2010) கேலி செய்யும் படங்களைப் பார்க்காதவருக்கு அதன் பாதிச் சிரிப்பு கிடைக்காது. கூத்து இந்தச் சிக்கலை வேறு விதமாக எதிர்கொண்டது. கூத்து ஆசானான அண்ணாவியார் ஆடுபவர்களுக்கு அவரவர் பகுதியைத் தரும் 'சட்டம்' கொடுத்த நாளிலிருந்து சதங்கை அணிந்து, வெள்ளுடுப்பு ஒத்திகை முடித்து, அரங்கேற்றம்வரை பல மாதங்கள் ஊர் நடுவே பழக்கம் நடக்கும். ஆடுபவர்களோடு, சுற்றி நின்று கேட்கும் பிள்ளைகளும் பாட்டையும் கதையையும் படித்துக்கொள்வார்கள். பார்வையாளரின் நினைவையும் உண்டாக்கிவிட்டுத்தான் கூத்து அதை நம்பியது. திரைப்படம் அந்த வேலையைத் தொலைக்காட்சி மறு ஒளிபரப்புக்கும் பழைய பாட்டுக்கும் விட்டுவிட்டது. ஆகவே இன்னொரு படத்தைத் தன் கதைக்குள் வைக்கும் இயக்குநரிடம் கேட்கவேண்டிய முதற்கேள்வி அவர் எத்தனை படம் பார்த்திருக்கிறார் என்பதல்ல. எந்தப் பார்வையாளரின் நினைவை நம்புகிறார், அந்த நினைவுக்குத் தன் படத்துக்குள் என்ன வேலை கொடுத்தார் என்பதே.