வங்காலையின் பூநாரைகளும் மன்னாரின் காற்றும்

மன்னார்த் தீவுக்குச் செல்லும் வீதி தள்ளாடியைக் கடந்ததும் இருபுறமும் தண்ணீராகிவிடுகிறது. தை மாதத்து விடியற்பொழுதொன்றில் அவ்வீதியோரம் இறங்கி நின்றேன். உடன் வந்தவர் வங்காலையைச் சேர்ந்த ஒரு கடற்றொழிலாளி. தூரத்தில் சேற்றுக்கும் வானத்துக்கும் இடையே ஒரு வெண்கோடு தெரிந்தது. வெளிச்சம் ஏற ஏற அக்கோடு இளஞ்சிவப்பாக மாறிற்று. பூநாரைகள்! நீண்ட கழுத்தை வளைத்து, அலகைத் தலைகீழாக நீருக்குள் அமிழ்த்தி, உவர்நீரிலுள்ள நுண்ணுயிர்களை வடிகட்டி உண்டுகொண்டிருந்தன. அவற்றுக்கு முன்னே ஊசிவால் வாத்துகள் கூட்டமாக மிதந்தன. கரையோரச் சேற்றில் கருவால் மூக்கன்கள் தையல் இயந்திரத்தின் ஊசியைப் போல விடாது குத்திக்கொண்டிருந்தன.

ஏறத்தாழ நான்கு தசாப்தங்களாக இவ்வீதியால் பயணம் செய்திருக்கிறேன். போர்க்காலப் பயணங்களில் பறவைகளைப் பார்த்ததாக நினைவில்லை. சோதனைச்சாவடிகளுக்கு இடையே தொலைநோக்கியுடன் நிற்பதே ஐயத்துக்குரிய செயலாக இருந்த காலம் அது. ஊடகவியலாளனின் பையில் தொலைநோக்கி இருந்தால் அதற்கு விளக்கம் சொல்லி முடியாது.

வங்காலைச் சரணாலயத்தின் வரலாறும் போரின் வரலாறும் ஒன்றையொன்று தொட்டே செல்கின்றன. ஈரநிலங்களைப் பாதுகாப்பதற்காக 1971 இல் ஈரானின் ராம்சார் நகரில் உருவான உடன்படிக்கை இலங்கையில் நடைமுறைக்கு வந்தது 1990 ஒக்டோபரில். தெற்கே புந்தல நாட்டின் முதலாவது ராம்சார் நிலமாயிற்று. அதே ஒக்டோபரின் பிற்பகுதியில்தான் மன்னார்த் தீவிலிருந்து முஸ்லிம் மக்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். மன்னாரைத் தீவுக்கப்பால் இணைத்த பாலமும் தலைமன்னார் புகையிரதப் பாதையும் போரில் சிதைந்ததும் அவ்வாண்டில்தான். மனிதர் கடக்க முடியாத அந்நீர்ப்பரப்பைப் பறவைகள் ஆண்டுதோறும் கடந்து வந்தன.

வங்காலை சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட நாள் 2008 செப்டெம்பர் 8. வாசகர்கள் அந்தத் திகதியைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். மன்னாரின் வடபகுதியில் விடத்தல்தீவு அவ்வாண்டு ஜூலையில் இராணுவத்தின் கைக்கு வந்திருந்தது. போர்முனை பூநகரியை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. மாந்தை மேற்கின் மக்கள் மூட்டைமுடிச்சுகளுடன் வன்னியின் உட்பகுதிக்குள் ஓடிக்கொண்டிருந்தனர். பறவைகளுக்குப் புகலிடம் வர்த்தமானியில் உறுதியாகிக்கொண்டிருந்த வேளையில் அயலிலிருந்த மனிதருக்குப் புகலிடம் இல்லை. இதைப் பறவைகளின் மீதான குறையாக நான் சொல்லவில்லை. பிரகடனம் சரியானதே. ஆயினும் மன்னார் மக்களிற் பலர் பாதுகாக்கப்பட்ட பகுதி என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பதன் காரணத்தை விளங்கிக்கொள்ள இந்தத் திகதி உதவும்.

2010 ஜூலையில் 4,839 ஹெக்டேயர் பரப்புள்ள வங்காலை இலங்கையின் நான்காவது ராம்சார் நிலமாயிற்று. கடற்புல், கண்டல், உவர்ச் சதுப்பு, மணல்வெளி, மேய்ச்சற்றரை என அடுத்தடுத்து மாறும் நிலம் அது. சைபீரியாவிலிருந்து இந்து சமுத்திரம் வரை நீளும் மத்திய ஆசிய வலசைப்பாதையின் தெற்கு முனைக்கருகே அமைந்துள்ளது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர் தூரம் மணற்றிட்டுகள் தொடுகின்றன. 1914 முதல் 1964 புயல் வரை படகுச்சேவை நடந்த அதே வழியைத்தான் பறவைகளும் பயன்படுத்துகின்றன. அவற்றுக்குக் கடவுச்சீட்டு மட்டும் தேவைப்படவில்லை.

உவர்நிலம் என்பது நுட்பமான கணக்கு. புந்தலவில் ஒருகாலத்தில் பூநாரைகள் பெருந்தொகையாகக் கூடின. லுணுகம்வெஹெர நீர்ப்பாசனத் திட்டத்தின் வடிநீர் எம்பிலிக்கல, மலல களப்புகளிற் சேர்ந்து உவர்ப்பைக் குறைத்தது. உணவு அருகியது, பூநாரைகளும் அருகின. பறவைகளைக் கொல்ல எவரும் எண்ணவில்லை. வயலுக்குத் தண்ணீர் கொடுக்கவே எண்ணினார்கள். இதனால்தான் மன்னாரில் வடிகாலின் திசையை யார் மாற்றினாலும் எனக்கு அச்சம் ஏற்படுகிறது.

இப்போதைய வழக்கு காற்றைப் பற்றியது. தீவின் தென்கரையில் தம்பபவனி காற்றாலைத் திட்டம் 2020 டிசெம்பரில் திறந்துவைக்கப்பட்டது: முப்பது விசையாழிகள், 103.5 மெகாவாட். பின்னர் மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட்டுக்கு அதானி நிறுவனம் திட்டமிட்டது. 2024 இல் சுற்றாடல் அமைப்புகள் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றன; விலை தொடர்பான சர்ச்சையும் எழுந்தது. 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. ஆயினும் வேறு காற்றாலைத் திட்டங்களுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் மக்கள் 2025 இல் வீதிக்கு இறங்கினர். காற்றாலைகளுக்காக அமைத்த பாதைகள் மழைநீர் வடிந்தோடுவதைத் தடுத்துத் தம் வீடுகளை வெள்ளத்தில் மூழ்கடிப்பதாக அவர்கள் கூறினர்.

காற்று மின்சாரம் வேண்டாம் என்பவன் அல்லேன் நான். நிலக்கரி எரிக்கும் நாட்டுக்கு அது தேவை. ஆனால் வலசைப்பாதையின் வாசலில்தான் விசையாழிகளை நிரப்ப வேண்டுமா என்ற வினாவை அத்தேவை தீர்த்துவிடாது. பறவைகளின் பெயரால் மக்களைக் கரையிலிருந்து அகற்றுவதும் தீர்வாகாது. சரணாலயம் என்ற சட்ட வகைப்பாட்டுக்குள் தனியார் காணிகளும் இருக்கலாம். மரபுவழிப்பட்ட தொழிலும் தொடரலாம். தேசிய பூங்காவுக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு அதுவே. வங்காலையை அவ்வகைப்பாட்டிலேயே வைத்திருப்பது நல்லது என்பது என் கருத்து.

உடன் வந்தவர் தொலைநோக்கியை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பூநாரைகள் கூடும் இடத்தில் தண்ணீர் முழங்காலளவு என்றும், அங்கே வள்ளம் தட்டும் என்றும், தம் தகப்பனார் பறவைகளைப் பார்த்தே ஆழத்தைக் கணித்தார் என்றும் சொன்னார். பிறகு, இந்த அடையாளத்தை எந்த அதிகாரியாவது தங்களிடம் கேட்டு எழுதியதுண்டா என்று என்னிடம் வினவினார்.