தச்சர் படைத்த கருவிகள்

புனே நகரின் சனிவார் வாடா 1732-இல் முதலாம் பாஜிராவ் காலத்தில் எழுந்தது. கல் அடித்தளத்தின் மேல் ஓங்கிய அதன் மாடங்களில் தேக்குமர வேலை மிகுதி. 1828-இல் மூண்ட தீயில் அவை அழிந்தன. பேஷ்வாக்களின் பெயர்களை வரலாறு காத்தது. அம்மரத்தை இழைத்த கருவிகளைப் பற்றி எவர் எழுதினார்?

மராட்டியச் சிற்றூர்களில் சுதார் எனப்படும் தச்சரும் லோஹார் எனப்படும் கொல்லரும் விளைச்சலில் பங்கு பெற்ற பலுத்தேதார்கள். நம் கம்மாளருள்ளும் இவ்விருவரும் அண்டை அயலாரே. உளியின் இரும்பைக் கொல்லர் காய்ச்சி அடித்து, நீரில் தோய்த்துத் தருவார். பிடியைத் தச்சரே கடைந்து பொருத்துவார். பிடிக்கு இங்கே கருவேலமரம் உகந்தது. கொட்டாப்புளிக்கு நம்மூரில் புளியமரம்.

இழைப்புளியில்தான் தச்சரின் தனித்திறம் விளங்கும். வைரம் பாய்ந்த கட்டையைச் சதுரித்து, சாய்வாக வாய் குடைந்து, அலகை மர ஆப்பினால் இறுக்குவார். வாய் ஒரு நூல் அகன்றாலும் சீவல் ஒழுங்காக வாராது. மரம் பிய்ந்து வரும். கடையில் வாங்கிய கருவிக்கு இத்தகைய பழக்கம் கைக்கு வருவது அரிது என்பது என் எண்ணம்.

தேய்ந்த இரும்பு உலைக்கும் உளுத்த கட்டை அடுப்புக்கும் சென்றன. ஆயினும், தினகர் கேள்கர் (1896–1990) மறைந்த தம் மகன் ராஜாவின் பெயரால் அமைத்த சுக்ரவார் பேட்டை அருங்காட்சியகத்தில் பழைய செதுக்குக் கதவுகள் உள்ளன. பிள்ளைகளுடன் செல்வோர் பூவேலையின் குழிவுகளை உற்று நோக்குக. எவ்வளவு அகலமுள்ள நகவுளி அங்கே ஓடியது என்பதை ஓரளவு கணிக்கலாம்.